மறுபடி பழக்கிய சட்டி

என் அருமைச் சுருட்டைக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீ லாரியில் போயிருந்த காலத்தில் இதற்கு அடுத்த வரியில் உன் நலம் கேட்பேன். இப்போது அந்த வரிக்குக் கை போகமாட்டேன் என்கிறது. மண்ணுக்குள் போன பிள்ளையிடம் அதை எப்படிக் கேட்பது? ஆனாலும் சொல்ல விஷயம் இருக்கிறது, உன்னை விட்டால் ஆளில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் எப்போதும்போல் சிரித்துக்கொள்.

உன் லாரி முதலாளி நல்ல மனுஷர். உன் சாமான்களை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் அவரே கொண்டுவந்தார். போர்வை, சவரக் கண்ணாடி, அப்புறம் வழியெல்லாம் கல்லைக் கூட்டி நெருப்பு மூட்டி நீ சமைத்துச் சாப்பிட்ட அந்த இரும்புச் சட்டி. வெளியே கரிக்கட்டை, உள்ளே மட்டும் எண்ணெய் பூசின மாதிரி வழவழப்பு. அதை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பார்க்கிறேன், உன் பெண்டாட்டி அதைச் சோப்பும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, கறுப்பே இல்லாமல் வெளுக்க வைத்துக் கவிழ்த்திருக்கிறாள். பொழுது சாய்வதற்குள் சட்டி முழுக்கத் துரு பூத்துவிட்டது. நீ போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சோறு வைத்தால் சாப்பிட்டேன், தண்ணீர் கொடுத்தால் குடித்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டால் மற்றவள் யாரோடு பேசுவாள்?

அதற்குள் அவள் அண்ணன் போன் செய்தார். அவர்கள் பக்கம் ஒரு தையல் கடையில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகிறாராம். அவள் என்னிடம் ஒன்றும் கேட்காமல் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். இப்படியே போனால், மாமியார் வெறுத்து ஒதுக்கினாள் என்றுதானே மனசில் சுமந்துகொண்டு போவாள்?

அந்த நேரத்தில்தான் உன் கூட்டாளி மீசைக்காரர், உன்னோடு மாறி மாறி லாரி ஓட்டினவர், என்னைப் பார்க்க வந்தார். சட்டியைக் காட்டினேன். "இரும்பும்மா இது. துருவை எடுத்துட்டு மறுபடி நெருப்புல பழக்குனா சரியாயிடும்" என்றார். அவரே துருவைத் தேய்த்து எடுத்து, வீட்டுக்குப் பின்னால் கல் கூட்டி விறகு மூட்டினார். எண்ணெய் தடவுவதை என்னிடம் விட்டார். நான் தாராளமாக ஊற்றிவிட்டேன். சூடேறினதும் பாகு மாதிரிப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. குழந்தைக்குத் தலைமுழுக்காட்டவா சொன்னேன் என்று கேலி செய்தார். தடவினதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டுமாம். புகை அடங்கும்வரை தீயில் விட்டு, ஆறினதும் மறுபடி தடவி ஏற்ற வேண்டுமாம். சொல்லிவிட்டு லோடு ஏற்றக் கிளம்பிவிட்டார்.

அந்தப் பிசுக்கைச் சுரண்ட என் மணிக்கட்டில் வலு இல்லை. உள்ளே இருந்தவளைக் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்றோ, ஓடி வந்தாள். சுரண்டிக் கொடுத்தாள். நான் தடவ, அவள் துடைக்க, சட்டி மறுபடி தீயில் ஏறியது. புகை கிளம்பினதும் அந்த வாசம் வந்தது. லாரியை விட்டு இறங்கும்போது உன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருமே, அதே வாசம். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

போகவில்லை. "இந்த வாசம் தாங்காமத்தான் தேய்ச்சேன் அத்தை. தேய்ச்ச பிறகு, அது இல்லையேன்னு அதுவும் தாங்கல" என்றாள்.

எண்ணெய்த் துணியோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி என்றேன். நீங்க கேட்கலையே என்றாள். அதுவும் நியாயம்தான்.

தடவித் தடவி ஏற்றினோம். பழுப்பாகி, காப்பி நிறமாகி, கடைசியில் கறுத்தது. நீ வைத்திருந்த பதத்துக்கு வரவில்லை, பரவாயில்லை. அவள் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள். ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு பேரும் சட்டியிலிருந்தே பிய்த்துத் தின்றோம். நீ போனபிறகு அன்றைக்குத்தான் நாக்கில் உப்பு தெரிந்தது.

இப்படி ஒரு பெண்ணை என் வீட்டுக்குக் கொண்டுவந்தாயே, அதற்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலாளியும் மீசைக்காரரும் பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கட்டும். நீ சம்பாதித்து வைத்த மனுஷர்கள்தான் இன்றைக்கு எனக்குத் துணை.

ஞாயிற்றுக்கிழமை அவள் போகிறாள். இங்கேயே இரு என்று சொல்ல வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். சின்ன வயசு. சட்டி உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை என்கிறாள். நான் கேட்கவில்லை. அவள் பையில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். தினமும் அடுப்பில் ஏறினால்தான் அதில் துரு அண்டாது. என் ஒருத்திக்கு எவ்வளவு சமைக்கப்போகிறேன்?

அவள் எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் அவள் வேறு ஒரு வீட்டில் அந்தச் சட்டியை அடுப்பில் வைத்து, வேறு ஒருவருக்குச் சமைத்துப் போட்டால், உனக்கு மனசு நோகாதுதானே கண்ணு?

உன்னைப் பெற்றவள்