ஓடை மணலில் ஒரு செக்‌ஷன் டூர்

நவ. 6, வெள்ளி
காலையிலிருந்து தூறல். குவார்ட்டர்ஸ் முழுக்க ஈரத்துணி வாடை. மண்ணெண்ணெய் இன்றும் வரவில்லை. இவருடைய ஃபேக்டரி செக்‌ஷன் ஆட்கள் ஞாயிறு டூர் போகிறார்களாம். ஆந்திரா பக்கத்து மலை ஓடை. வழக்கம்போல ஓடை மணலிலேயே அடுப்பு மூட்டி பிரியாணி. கீதாவையும் கூட்டிப் போகிறாராம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை! பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நவ. 7, சனி
ஸ்கூலில் அந்த மலையின் வரைபடத்தைப் பார்த்தேன். நினைத்தது சரி. கிண்ணம் மாதிரி இடம். சுற்றிலும் மலை, ஏழெட்டு ஓடை, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நீளம், ஒரே வாயில் சேருகின்றன. முருங்கைக்காய் மாதிரி நீண்ட பள்ளத்தாக்கு என்றால் தண்ணீர் முன்னே பின்னே வரும். இங்கே மொத்தமும் சேர்ந்து வரும். அந்த வாய்க்குக் கீழேதான் இவர்கள் அடுப்பு.

சாயங்காலம் ஏகாம்பரம் வந்தான். இவரோடு வேலை செய்கிற அம்பத்தூர் ஆள், டூர் ஏற்பாடு அவன்தான். சொன்னேன்: "ஃபேக்டரில சங்கு ஊதினா கேட்டுல எல்லா சைக்கிளும் ஒரே நேரத்துல வந்து முட்டுதில்ல? அதே கதைதான். மலை மேல மழை பெஞ்சா, கீழ வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். கரை மேல சமைங்க."

"இன்னா டீச்சர், வருசா வருசம் அங்கதான ஆக்கிகினு கீறோம். கரை மேலன்னா தண்ணிய யாரு தூக்கிகினு ஏர்றது?"

இவர் சிரித்தார். "பாடத்தைப் பசங்களுக்கு எடு. பிள்ளை வருவா." வீம்பு. எனக்கு எதிராக என்றால் எதையும் செய்வார். பற்றிக்கொண்டு வந்தது. கீதாவின் செருப்பைப் பரணில் ஒளித்து வைத்தேன்.

நவ. 8, ஞாயிறு
கீதாவை வெறுங்காலோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். வேன் ஹாரன், விசில், கூச்சல். நாசமாய்ப் போங்கள் என்று வாய் வரை வந்தது. கீதாவும் அதில் இருக்கிறாளே, விழுங்கினேன். இங்கே நல்ல வெயில்.

இருட்டிய பிறகு வந்தார்கள். எல்லோரும் தொப்பல். வெள்ளம் வந்திருக்கிறது, வெயில் அடிக்கும்போதே. அடுப்பு, பாய், துணிப்பைகள் எல்லாம் போச்சு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீதாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. கட்டிக்கொண்டு அழுதேன்.

ஏகாம்பரம்: "ஆத்தா காப்பாத்திட்டா டீச்சர்." மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இவர் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "நான் மட்டும் சுதாரிக்கலேன்னா என்ன ஆயிருக்கும்?" என்று அளந்துகொண்டிருந்தார்.

நவ. 9, திங்கள்
நாங்கள் மூன்று பேரும் லீவு. கீதாவுக்கு லேசாகக் காய்ச்சல். தலை வாரும்போது அவளாகவே சொன்னாள்.

"திடீர்னு பெரிய சத்தம்மா. அப்பாவும் ஏகாம்பரம் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிரியாணி அண்டாவைத் தூக்கிட்டு ஓடிட்டாங்க. நான் அப்பா, அப்பான்னு கத்துனேன். வேன் டிரைவர் மாமாதான் என்னைத் தூக்கினாரு."

இவர் பின்வாசலில் உட்கார்ந்து அந்த அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வாடகைக்கு எடுத்ததாம், நாளைக்குப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.