சிவப்பு நட்சத்திரம் அங்கே இல்லை

தணலில் ரொட்டி வாட்டும் வாசத்துக்கு நடுவே கைப்பேசியில் அந்தப் படம் திறந்தது. குளுவாங் கோப்பிக் கடை, சனிக்கிழமைதோறும் நீயும் நானும் உட்கார்ந்த அதே மேசை. கத்திவிட்டேன். கடைக்காரர் ரொட்டியை அப்படியே விட்டு ஓடி வந்தார். "ஒண்ணுமில்ல அங்கிள், ஒரு கேலக்ஸிதான்" என்றேன். ரொட்டி கருகியதுதான் மிச்சம்.

நீ வாரம் முழுக்க பாசிர் கூடாங் ஆலையில் ஷிப்ட் பார்த்துவிட்டு பஸ் ஏறி வருவாய். நான் திருத்த வேண்டிய விடைத்தாள்களைப் பையிலேயே விட்டுவிடுவேன். விண்வெளித் தொலைநோக்கிகளின் பழைய எக்ஸ்ரே பதிவுகள் எல்லாருக்கும் திறந்துதானே கிடந்தன? அலசுவோம். சில நிமிடங்கள் மின்னிவிட்டு மறுபடி தலைகாட்டாத ஒளிகள்தான் நமக்கு வேண்டும். அவற்றுக்குப் 'பளிச்' என்று செல்லப்பெயர் வைத்தோம். அவை எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்ள நமக்கு இருந்த பைத்தியம் கொஞ்சநஞ்சமல்ல.

நீ போட்ட சட்டம் ஒன்று உண்டு. பளிச்சைக் கண்டுபிடித்தவள் அதை எதிர்த்துப் பேச வேண்டும். மற்றவள் அதற்காகப் பேச வேண்டும். "நம்ம பிள்ளைய நம்மளே திட்டுனாதான் உண்மை வெளிய வரும் லா" என்பாய். எத்தனையோ பளிச்சுகள் அந்த மேசையிலேயே செத்தன. கடைசியாக நீ கண்டுபிடித்தது மட்டும் சாக மறுத்தது.

"பக்கத்துல ஏதாச்சும் சின்ன சிவப்பு நட்சத்திரம் பொங்கியிருக்கும்டி. தூரத்து கேலக்ஸின்னு எப்படிச் சொல்ற?" என்று நீயே எதிர்த்தாய்.

அதற்காகப் பேச வேண்டிய நான் திணறினேன். உனக்கே பொறுக்கவில்லை. "அலமாக், ஒழுங்கா சண்டை போடு!"

நோயில் விழுந்த பிறகு மருத்துவமனைக் கட்டிலிலும் அதையேதான் கேட்டாய். அந்த இடத்தில் நீண்ட நேரம் ஒளி சேர்த்து ஆழமாக ஒரு படம் எடுத்தால் எந்த மங்கல் நட்சத்திரமும் தப்பாது என்றேன். சிலியில் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கும் குழுவுக்கு இருவர் பெயரிலும் எழுதினோம். படம் வருவதற்குள் நீ போய்விட்டாய். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இன்று வந்துவிட்டது! பளிச் தெரிந்த இடத்தில் சிவப்பு நட்சத்திரம் இல்லை. ஓரம் கலைந்த, மங்கலான ஒரு கேலக்ஸி இருக்கிறது. அங்கே ஒரு பெரிய நட்சத்திரம் இடிந்து விழுந்ததோ, இரண்டு நட்சத்திரங்கள் மோதிக்கொண்டனவோ, இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

படத்தை முதலில் பார்த்தவள் நான்; அப்படியென்றால் இந்தக் கேலக்ஸியைக் கண்டுபிடித்தவளும் நானே. சட்டப்படி எதிர்த்தேன்: "தற்செயலா பின்னால ஒரு கேலக்ஸி இருந்திருக்கலாமே?"

உன் நாற்காலி சும்மா இருந்தது. எழுந்து போய் அதில் உட்கார்ந்தேன்.

"அப்போ மின்னுன நட்சத்திரம் எங்கடி? காட்டு பார்ப்போம்."

கண்டுபிடித்தவள் என்பதால் உன் பளிச்சுக்காக நீ ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. இன்றுதான் பேசினாய். குரல் மட்டும் என்னுடையது.