டீசல் தலைப்பு

நவம்பர் 4
எங்கள் சுகாதார நிலைய ஆம்புலன்ஸ் டீசலுக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது. பிரசவ உதவி என்ற கணக்குத் தலைப்பில் பணம் கொழுத்துக் கிடக்கிறது. அதிலிருந்து எடுக்கலாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். “ஆடிட்ல யாரு பதில் சொல்றது? நீயாம்மா?” ஒரு தலைப்புப் பணத்தை இன்னொன்றுக்குத் தொடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் ஓதுகிற கணக்காளர் நான்தானே. என் மேசைக்குத் திரும்பினேன்.

நவம்பர் 7
டிரைவர் அண்ணன் கைக்காசு போட்டு ஓட்டியிருக்கிறார். முன் அனுமதி இல்லை என்று பில்லைத் திருப்பிவிட்டேன். “ஏன் தங்கச்சி, நோயாளியும் உங்கிட்ட மனுப் போட்டுட்டுத்தான் மயங்கணுமா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

நவம்பர் 11
நிறைமாதக்காரி. ரத்தம் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், வண்டியில் டீசல் இல்லை. வாடகை வண்டி வருவதற்குள் வராந்தாவிலேயே போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையோடு. பிரசவத்துக்கென்று வந்த பணம் அப்படியே இருக்கிறது!
அவள் புருஷன் ஆக்சிஜன் சிலிண்டர் ஸ்பேனரைத் தூக்கினான். “டீசல் இல்லாம எதுக்குடா வண்டி?” முதல் அடி அண்ணனின் தாடையில். எலும்பு உடைந்த சத்தம் என் அறை வரை கேட்டது. கதவைத் தாழிட்டு மேசைக்கடியில் ஒடுங்கினேன். அடிமேல் அடி. ஜன்னல் கண்ணாடியெல்லாம் நொறுங்கியது. பில்லைத் திருப்பியவள் அங்கே இருக்கிறாள் என்று என் அறைப் பக்கம் அண்ணன் ஒரு விரல் நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை.

நவம்பர் 12
“போலீஸ்ல அடிச்சான்னு மட்டும் எழுதிக் குடு. டீசல் பேச்சே வரக்கூடாது,” என்றார் பெரிய டாக்டர். மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டை வீசினேன். அவர் தலைக்குத்தான் குறி வைத்தேன். சுவரில் பட்டது. “பைத்தியமா உனக்கு?”
“ஆமா சார்.”
நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். டீசல் இல்லாததையும் பணம் இருந்ததையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். செத்தவளின் புருஷனை உள்ளே போலீஸ்காரர்கள் துவைத்துப் போட்டிருந்தார்கள். ஒரு கண் மூடிக் கிடந்தது. மனசு ஆறவில்லை.

நவம்பர் 15
அண்ணனின் தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அண்ணி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “பாத்தாச்சுல்ல? கெளம்பு.”

நவம்பர் 23
பாம்புக்கடி. கிழவர். வாயில் நுரை. டீசல் இல்லாத வண்டியருகே புது டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். யாரையும் கேட்கவில்லை. பிரசவத் தலைப்பில் பெட்ரோல் பங்க்குக்கு டீசல் சீட்டு எழுதி அவன் சட்டைப்பையில் திணித்தேன். “போடா!” என்று கத்தினேன்.

டிசம்பர் 2
கிழவருக்கு என்ன பிரசவம் என்று கேட்டு மெமோ. கூடவே வேலை நீக்க உத்தரவு. வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். வாசலில் கிழவரின் மகள் நின்றிருந்தாள், நான் யாரென்று தெரியாமல். “அப்பா எந்திரிச்சு உக்காந்துட்டாருக்கா. இங்க யாருக்கு நன்றி சொல்றது?”
டிரைவர் இருக்குமிடத்தைக் காட்டினேன்.