முன் நடந்தது: ஒன்றுமில்லை

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பதுளைக் காரியாலயக் கூரை மறுபடி ஒழுகுகிறது. வாளி வைத்தாயிற்று.

பிள்ளைப் பராமரிப்புப் பயிலுநர்களின் களவேலைத் தாள்கள் என் கையெழுத்துக்கு வந்து குவிந்திருக்கின்றன. ஆளாளுக்கு தினமும் மூன்று மணித்தியாலம் பிள்ளைகளைக் கவனித்தார்களாம். ஒரே பேனை, ஒரே மூச்சில் எழுதியது. என்னைக் குருடி என்று நினைப்பு.

கௌசல்யாவின் தாள். ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பரா. சசி, ஐந்து வயது, பேச்சில்லை. தினமும் பத்து மணிக்குத் தலையைச் சுவரில் மோதுகிறான். மோதுவதற்கு 'முன் நடந்தது' என்ற கட்டத்தில்: ஒன்றுமில்லை. எல்லா நாளும் ஒன்றுமில்லை. சிபாரிசு: கொழும்பில் இப்படியான பிள்ளைகளுக்கான விடுதி. நான் கையெழுத்திட்டால் திங்களன்று அவனை அனுப்பிவிடுவார்கள்.

பணிப்பாளர் தொலைபேசியில்: "சனிக்கிழமை சான்றிதழ் விழா, மிஸ். பிரதம அதிதிக்கும் சொல்லியாச்சு. பயிலுநர் மணித்தியாலங்களுக்கு ஒரு கையெழுத்துத்தானே."

விழாவுக்குப் பூமாலை வாங்குவதில் மனுஷனுக்கு எவ்வளவு அக்கறை.

நவம்பர் 12, புதன்

தோட்டத்துக்குச் சொல்லாமல் போனேன். மழை, அட்டை. சப்பாத்துக்குள் இரண்டு.

பத்து மணி. பால் கொடுக்கும் தாய்மார் மலையிலிருந்து இறங்கினார்கள். சசியின் தாய் செல்வராணி, இடுப்பில் சுற்றிக் கட்டிய ஈரப் படங்குச் சாக்கு. சசியைத் தாண்டிப் போய்த் தொட்டிலில் கிடந்த சின்னதைத் தூக்கினாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சுவர். டொக், டொக்.

அதுதான் அந்த 'ஒன்றுமில்லை'.

"இவனை முதல்ல கொஞ்சம் தூக்கினால் என்ன?"

"தூக்கினா எறங்க மாட்டான் மிஸ். சுருக்கா திரும்பலன்னா கங்காணி ஏசுவாரு."

கௌசல்யா? தோட்டக் கணக்கெழுதும் கிளாக்கர் வீட்டில். பத்து மணித் தேத்தண்ணி. தினமும்.

நவம்பர் 13, வியாழன்

தலைவலி. பெனடோல் முடிந்துவிட்டது.

கௌசல்யாவைக் கூப்பிட்டேன். "பத்து மணிக்கு நீர் எங்கை இருந்தனீர்?"

"அங்கதான் மிஸ்."

"கிளாக்கர் வீட்டுத் தேத்தண்ணிக்குச் சீனி போதுமோ?"

அழுதாள். "எல்லாருந்தான் மிஸ் இப்படி எழுதுறாங்க." உண்மை. இன்று அவள் சொன்ன ஒரே உண்மை.

அவள் தாளில் இருந்த மணித்தியாலங்களை வெட்டினேன். விடுதிச் சிபாரிசைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். பணிப்பாளர் மூன்று தடவை எடுத்தார். மணி அடித்து ஓயட்டும்.

கங்காணியிடம் ஆளனுப்பிப் பேசியாயிற்று. செல்வராணிக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம். முனகிக்கொண்டே சம்மதித்தாராம்.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டு வெயில். பிள்ளைக்காம்பராவில் கௌசல்யாவைச் சுவரோரம் உட்கார வைத்தேன். கைப்பையை என் மடியில் வாங்கிக்கொண்டேன். இல்லையென்றால் கண்ணாடி பார்ப்பாள்.

செல்வராணி வந்தாள். முதலில் சசி. கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இறங்க அடம்பிடித்தான். பிறகு இறங்கினான். சுவர் பக்கம் போகவில்லை.

தொட்டிலில் சின்னது வீரிட்டது.

கௌசல்யா: "மிஸ், இப்ப சின்னது கத்துது. அதையும் எழுதணுமா?"

"முன் நடந்தது என்ன?"

நிமிர்ந்து பார்த்தாள். தாயை, சசியை, தொட்டிலை. எழுதினாள்.

அவள் உண்மையில் கவனித்தது ஒரு மணித்தியாலம். அதற்கு மட்டும் கையெழுத்திட்டேன்.