புள்ளிக்குள் ஒளிந்த எண்

அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நீயும் பாப்பாவும் சௌக்கியம்தானே? அத்தானின் முட்டிவலி தேவலையா?

என் காசநோய் சாதாரண மாத்திரைக்கு மசியாத ரகம் என்று சொன்னேனே, அதற்கு இங்கே ராஜ மரியாதை. நெஞ்சு டாக்டர், கண் டாக்டர், இதயத்துக்கு ஒயர் மாட்டுகிறவர், சாப்பாட்டைக் கவனிக்கும் அம்மா எல்லோரும் எனக்காக ஒரே மேஜையில் கூடுகிறார்கள். மந்திரிசபை கெட்டது போ.

நெஞ்சைக் காப்பாற்றும் மாத்திரை ஒன்று கண் நரம்பைக் கடிக்குமாம். அதனால் நிறம் பிரித்துத் தெரிகிறதா என்று பார்க்க ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். பக்கமெல்லாம் கலர் புள்ளி. அதற்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். எந்த மகராசன் கண்டுபிடித்தானோ! எனக்கு முன்னால் போனவர் படித்ததைக் காதில் வாங்கி, கடகடவென்று ஒப்பித்தேன். நர்ஸம்மா அசரவில்லை. புத்தகத்தைப் பின்னாலிருந்து திருப்பினார்.

“இப்ப சொல்லுங்கண்ணே, பாப்போம்.”

“வெறும் புள்ளிதாம்மா இருக்கு. அச்சடிச்சவன் எண்ணை மறந்துட்டான்.”

“அச்சு சரியாத்தான் இருக்கு. இதை மறைச்சுட்டு உங்க கரண்டு வேலைக்கு எப்படிண்ணே போவீங்க? சிவப்பு ஒயர் எது, பச்சை எதுன்னு தெரிய வேணாமா?”

அன்றே மேஜை கூடி, அந்த மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்துவிட்டார்கள். சீக்கிரம் பிடித்துவிட்டதால் சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் திரும்பிவிடும் என்கிறார் கண் டாக்டர். எனக்கென்ன, கழுகுக் கண்.

மாத்திரை வண்டிச் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். பாப்பாவைப் பெட்டியிலுள்ள எல்லாக் கலரும் போட்டு ஒரு படம் வரைந்து அனுப்பச் சொல். எது என்ன நிறம் என்று கீழே எழுத வேண்டாம். மாமாவே பார்த்துச் சொல்லட்டும்.

உன் தம்பி