திரையில் மறைந்த சின்னப் படங்கள்

முருகன் துணை

பசறை,
ஐப்பசி 4

அன்பு மகள் ஜெயந்தினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் உடம்புக்குப் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம், மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். சின்னவனுக்கு இருமல் விட்டதா என்று எழுது. இங்கே மழை இந்த முறை முன்னதாகவே இறங்கிவிட்டது, பதுளை ரோட்டில் மண் சரிந்து பஸ்கள் ஒரு பக்கமாகத்தான் போகின்றன, நம் வீட்டுப் பக்கம் பயமில்லை. அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருந்தது, கிளினிக்கில் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வராததற்கு அது பழுது என்று மட்டும் போனில் சொன்னேன். அம்மா பக்கத்தில் இருந்ததால் மீதியைச் சொல்ல முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். உன் தம்பி தயாபரன் இருந்தவரை அது அவன் வேலை, பெரகல ரோட்டு விபத்தில் அவன் நம்மை விட்டுப் போன பிறகு நான் செய்து வருகிறேன். அவனாக இருந்தால் முதலில் மெஷினை நிறுத்தியிருப்பான். நிறுத்தினால் மறுபடி ஒழுங்காக வருமோ வராதோ என்ற பயத்தில் நான் ஓடவிட்டபடியே பொட்டு வைத்தேன். மறுநாள் காலை மௌஸில் காய்ந்திருந்த சந்தனத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் திரையில் இருந்த சின்னப் படங்கள் ஒன்றுகூட இல்லை. உன்னோடு பேசுவதற்கு அமுக்கும் படம், என் பென்ஷன் கடிதங்கள் உள்ள பெட்டி, தம்பியின் பாட்டுகள், குப்பைக்கூடைப் படம் எல்லாம் போய்விட்டன. தோட்டத்து ஆபீஸில் இத்தனை வருஷம் கிளாக்கராக இருந்தும் ஒரு துண்டுக் கடதாசியைத் தொலைக்காதவன், பிள்ளை வைத்துவிட்டுப் போனதையெல்லாம் ஒரு துணியால் துடைத்துவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன். வயரெல்லாம் பார்த்தேன், ஒருதரம் நிறுத்திப் போட்டும் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. அதற்கு மேல் எதையும் தொடக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை பஸ் பிடித்து பதுளையில் புவாத் தம்பியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். தயாபரனோடு ஒன்றாகப் படித்த பிள்ளை, உனக்கும் தெரியும். நான் நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லச் சொல்ல அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். மழை நாளையில கம்ப்யூட்டர சந்தனம் பூசிக் குளிப்பாட்டினா அதுக்குத் தடிமன் புடிக்காதா அங்கிள் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்னும் அழியல்ல, எல்லாம் உள்ளுக்க பத்திரமா இருக்கு, சும்மா மறைஞ்சிருக்கு, பயப்படாதீங்க என்று தன் மெஷினிலேயே செய்து காட்டினார். திரையில் வெறுமையான இடத்தில் மௌஸின் வலது பக்கத்தை அமுக்கவேண்டும், வரும் வரிசையில் வியூ என்பதற்குப் போகவேண்டும், அதில் கடைசியாக ஷோ டெஸ்க்டொப் ஐகன்ஸ் என்று இருக்கும், அதற்கு முன்னால் சரி அடையாளம் விழுந்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். நான் துடைத்த துடைப்பில் அந்த அடையாளம் எடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். வலது என்றால் எனக்கு வலதா மௌஸுக்கு வலதா என்று நான் இரண்டாம் தடவை கேட்டதற்கும் அவர் கோபிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா அந்த அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தம்பி எல்ல ஊர்ப் பக்கம் போனபோது எடுத்த படத்தைத் திரைக்குப் பின்னணியாக வைத்திருந்தான் அல்லவா, வலது பக்கம் முழுக்கத் தேயிலை மலை, இடது ஓரத்தில் அவன் நிற்பான். அந்தச் சின்னப் படங்கள் வரிசையாக நின்றதும் இடது ஓரத்தில்தான். நாங்கள் உன்னோடு பேச அவசரமாக அதை அமுக்குவோமே தவிர, அதற்குப் பின்னால் அவன் இருக்கிறான் என்பதே கண்ணில் படாமல் போயிருக்கிறது. இப்போது மறைப்பு ஒன்றும் இல்லாமல் அவன் முழுசாகத் தெரிந்தான். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமலே, கழுத்துல மச்சம் இருக்குதுங்க, எனக்கு அது மறந்தே போச்சு என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, சட்டையில ஒரு பொத்தான் இல்லாமப் போயிருக்கான் பாருங்க, கழட்டிக் குடுத்திருந்தா தச்சிருப்பேனே, அவனுக்கு எப்பவும் அவசரந்தான் என்றாள். அவன் போனதிலிருந்து அவள் வாயில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கவேண்டும். கேட்டு வந்தது மறந்துபோகும் முன் செய்துவிடவேண்டும் என்ற பதற்றத்தில் புவாத் சொன்னபடி செய்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் வந்து நின்றன, அவன் நெற்றியில் குப்பைக்கூடை, கண்ணுக்கு மேல் என் பென்ஷன் பெட்டி. அம்மா எழுந்து, சரியாக்கிட்டீங்களா, நல்லது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை. மறுநாள் விடிந்ததும் அந்தச் சரி அடையாளத்தை நானே எடுத்துவிட்டேன். நான் கூப்பிடவில்லை, அவளாகவே தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறாள், சில நேரம் அழுகிறாள், அழுதுவிட்டுச் சாப்பிடுகிறாள்.

இந்தச் சின்னப் படங்களை வலது பக்கம் மலைமேல் நகர்த்த வழியிருந்தால் மாப்பிள்ளையிடம் கேட்டு எனக்கு ஒவ்வொன்றாக எழுது. நான் ஒன்றை இழுத்துப் பார்த்தேன், விட்டதும் பழைய இடத்துக்கே ஓடிவிட்டது, மேற்கொண்டு தொடத் தைரியம் வரவில்லை. அதுவரை போனில் பேசுவோம். முகம் பார்க்க முடியவில்லை என்று நீ வருத்தப்படுவாய், எனக்கும் வருத்தம்தான், ஆனாலும் அவன் முகத்தின் மேல் இனி ஒன்றையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

குளிருக்குச் சின்னவனுக்குக் காதை மூடிவிடு. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா தம்பியின் பேச்சை எடுப்பாள். மழையைப் பற்றியோ மாத்திரையைப் பற்றியோ கேட்டுப் பேச்சை மாற்றிவிடாதே, அவள் சொல்லி முடிக்கட்டும். நானும் பக்கத்தில் இருந்து கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
ஆ. பொன்னையா