சந்தேகம் என்ற ஒரே சொல்

ஜூலை 6, சனி

பல்கலைக்கழகத்தின் வார இறுதி ஆங்கிலப் படிப்பில் என்னை இடைநிலை வகுப்பில் போட்டிருக்கிறார்கள். வேதியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவன் இடைநிலை. சுற்றிலும் என் மகள் வயதுப் பிள்ளைகள். நான் எழுதிய முதல் வாக்கியத்திலேயே சிவப்பு மை. 'ஐ டிட் நாட் வென்ட்.' ஆசிரியை ஹெப்சிபா, முப்பது வயதுகூட இருக்காது, "டிட் வந்துட்டா, அடுத்த வினைச்சொல்லு இறந்தகாலத்தைக் கழட்டி வெச்சிடணும் சார்" என்றார். பின்வரிசையில் சிரிப்பு.

செங்குட்டுவனுக்கு இந்தத் தலையெழுத்து இல்லை. வெறும் டிப்ளமோ. ஆனால் கான்வென்ட் படிப்பு. எங்கள் ரசாயன ஆலையில் ஒரே பதவிக்கு இருவரும் நேர்காணலுக்குப் போனோம். அவன் இங்கிலீஷில் வாயைத் திறந்தான், ஷிப்ட் இன்சார்ஜ் ஆனான். நான் பதினான்கு வருடமாக அதே லேப்பில் அதே கெமிஸ்ட்.

வீட்டுக்கு வந்து வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன். மனைவி கார்குழலி எட்டிப் பார்த்து, "இங்கிலீஸ் இன்னாத்துக்கு? மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்சாப்ல வெச்சுக்கினு போ, அதுக்கே புரமோசன் குட்த்துருவாங்க" என்றாள்.

ஜூலை 9

இரண்டாம் தொட்டியின் வால்விலிருந்து அமிலம் ஒழுகியிருக்கிறது. கவனிக்காமல் மிதித்த ஒப்பந்தத் தொழிலாளி சின்னப்பையன் என்பவனுக்குப் பாதம் வெந்துவிட்டது. முந்தைய ஷிப்ட் செங்குட்டுவனுடையது. வால்வை மூடாமல் போயிருப்பான். மும்பையிலிருந்து விசாரணை அதிகாரி வருகிறாராம். அவன் தப்பு என்று முடிவானால் வேலை போய்விடும் என்கிறார்கள்.

போகட்டும்.

ஜூலை 12

விசாரணை. அந்த அறையில் செங்குட்டுவனும் உட்கார்ந்திருந்தான். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவன் வால்வைத் திறந்தபடி விட்டிருப்பானா என்று இங்கிலீஷில் கேட்டார். நான் திணறவே இல்லை. "ஐ டவுட் இட், சார்." எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். எத்தனை வருடத்துப் பாக்கி. அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் செங்குட்டுவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ எனுக்காகப் பேசுவேன்னு நெனைக்கவே இல்ல மாமு." கண் கலங்கியிருந்தது.

கிண்டல் செய்கிறானா? அப்படியும் தெரியவில்லையே.

ஜூலை 14, ஞாயிறு

காலையிலேயே காசிமேட்டிலிருந்து வஞ்சிரம் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். காலடிப்பேட்டையில் இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. இத்தனை வருடத்தில் என் வாசல் மிதித்ததில்லை. கார்குழலியிடம், "அண்ணி, ஒங்கூட்டுக்காரர் இல்லாங்காட்டி நான் காலிதான்" என்றான். அவள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 20, சனி

இப்போது புரிகிறது.

ஹெப்சிபா கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினார். டவுட், சஸ்பெக்ட். "தமிழ்ல ரெண்டுக்கும் சந்தேகம்தான். அதனாலதான் இங்க தடுக்கி விழறோம். அவன் திருடினான்னு ஐ சஸ்பெக்ட்னா, திருடியிருப்பான்னு நினைக்கிறேன். ஐ டவுட்னா, திருடியிருக்க மாட்டான்னு நினைக்கிறேன்."

நான் எழுந்து கேட்டேன். "யாராவது 'அவன் செஞ்சானா'ன்னு கேட்டு, நாம 'ஐ டவுட் இட்'னு சொன்னா?"

"அவன் செஞ்சிருக்க மாட்டான்னு அர்த்தம் சார்."

உட்கார்ந்துவிட்டேன். அவனைத் தள்ளிவிடப் போனவன் அவனைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன். அய்யோ, இன்னா மனுசன் நான். எதிரியைக் கவுக்கக்கூட இங்கிலீஷ் வரல எனக்கு.

திங்கட்கிழமை கடைசி விசாரணை. திருத்திச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 21

காலையிலிருந்து ஒத்திகை. 'ஐ சஸ்பெக்ட் ஹிம்.' சஸ்பெக்ட் என்று எழுதினால் பிகாஸ் போட்டுக் காரணத்தையும் எழுத வேண்டும் என்பது ஹெப்சிபாவின் விதி. எழுதப் பார்த்தேன்.

பிகாஸ் — அவன் கான்வென்ட்டில் படித்தவன். பிகாஸ் — என் பதவி அவனுக்குப் போனது. பிகாஸ் — அதைக் கொண்டாட அவன் பிரியாணி போட்ட அன்று என்னைக் கூப்பிடவில்லை.

வால்வைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியவில்லை. அவன் அதை மூடினானா இல்லையா, யாருக்குத் தெரியும்? நான் அன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை. வெந்த காலோடு படுத்திருக்கிற சின்னப்பையனையும் இதுவரை போய்ப் பார்க்கவில்லை.

மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். "வா சார்" என்று எழுந்து உட்காரப் பார்த்தான். யார் மேல் தப்பு என்று அவன் பேசவே இல்லை. எப்போது செருப்புப் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னான்.

ஜூலை 22

கடைசி விசாரணையில், செங்குட்டுவன் இருக்கும்போதே, போன முறை தவறான சொல்லைச் சொல்லிவிட்டேன் என்றேன். அதிகாரி நிமிர்ந்தார். அப்படியானால் சரியான சொல் எது என்றார். 'ஐ டிட் நாட் ஸா' என்று வாய்வரை வந்தது. நிறுத்தி, "ஐ டிட் நாட் ஸீ, சார். ஐ டோன்ட் நோ" என்றேன். பார்க்கவில்லை, தெரியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உண்மை.

செங்குட்டுவன் முகம் வெளுத்துவிட்டது. வெளியே வந்து வழிமறித்தான். "தோஸ்துன்னு நெனைச்சேன். எவன்டா உன்னை மாத்துனான்?"

சொல்லிவிட்டேன். "யாரும் மாத்தல. போன தடவை வந்ததே உன்னைப் போட்டுக் குடுக்கத்தான். வார்த்தை தப்பாப் பூடுச்சு."

பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தான். "அடப்பாவி. உனுக்கு இங்கிலீஸ் தெரியாததாலயா நான் பொயச்சுகினு இருந்தேன்?" சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 27, சனி

வகுப்புக்குப் போனேன். எதுவும் ஏறவில்லை.

ஆகஸ்ட் 8

முடிவு வந்துவிட்டது. வால்வு மூடித்தான் இருந்திருக்கிறது. உள்ளே சீல் தேய்ந்து, மூடிய வால்வே ஒழுகியிருக்கிறது. யாருக்கும் தண்டனை இல்லை. அந்தத் திங்கட்கிழமை நான் அந்த ஒரு சொல்லை 'சஸ்பெக்ட்' என்று திருத்தியிருந்தால், இந்த முடிவு வரும்வரை அவனை ஆலைக்குள் விட்டிருப்பார்களா?

செங்குட்டுவன் என் பக்கம் திரும்புவதில்லை. பரிசோதனைக் குப்பிகளை வேறு ஆளிடம் கொடுத்தனுப்புகிறான்.

ஆகஸ்ட் 29

ஷிப்ட் முடிந்து இன்று குப்பிகளோடு அவனே லேப்புக்கு வந்தான். உட்காரவில்லை. மேசை ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே, "ரெண்டாம் தொட்டி, புது வால்வு. மூணாவது காலியாக் கீது. நாலாவதுக்கு மத்தியானம் லோடு வரும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். கதவுவரை போய் நின்றான்.

"சந்தேகம் எதுனா கீதா?"

"இல்லை" என்றேன்.